பெட்ராவில் நான் காத்த செருப்பு

குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பினால், கூட்டத்தில் யாராவது ஒருவனுக்குப் பை பார்த்துக்கொள்ளும் முகம் அமைந்துவிடுகிறது. அவனை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ரயில் நிலையமோ, கல்யாண மண்டபமோ, கடற்கரையோ, "இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்ல வருகிறவர்களின் கண் எத்தனை பேரைத் தாண்டியும் அவன் மேல்தான் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் அந்த முகம் எனக்கு. ஒருமுறை எர்ணாகுளம் ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தன் கைக்குழந்தையையே என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். (குழந்தை அழக்கூட இல்லை. அதற்கும் என் முகம் புரிந்துவிட்டது.)

இந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பாலைவனத்துக்குப் போயிருக்கக் கூடாது.

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எப்போதோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். நாள் முழுவதும் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொழுது போக ஒரு கிறுக்கு வேண்டும் அல்லவா? எனக்கு வாய்த்த கிறுக்கு பெட்ரா. ஜோர்டான் நாட்டுப் பாலைவனத்தில், செக்கச் சிவந்த மலையைக் குடைந்து செதுக்கிய பழைய நகரம். இன்று இடிபாடு. அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் சாம்பிராணியும் வாசனைச் சரக்கும் ஒட்டகத்தில் ஏற்றி விற்றுத்தான் பணக்காரர்களானார்கள் என்று எங்கோ படித்தேன். வாசனைச் சரக்கு என்றால் அதில் எங்கள் கரையிலிருந்து போன மிளகும் இருந்தே தீரும் என்பது என் கட்சி. யாராவது ஆதாரம் கேட்டால் குரலை உயர்த்துவேன்.

அந்த ஊருக்குள் நுழைய ஒரே ஒரு மலை இடுக்குதான் முக்கிய வழி. இரண்டு பக்கமும் வானம் வரை பாறை, நடுவில் ஒரு சந்து. வளைந்து வளைந்து போகும் அந்தச் சந்தின் கடைசி வளைவைத் தாண்டியதும், பாறையில் செதுக்கிய ஒரு மாபெரும் முகப்பு திடீரென்று எதிரே வந்து நிற்கும். அந்தத் 'திடீர்' ஒன்றைப் பார்ப்பதற்காக நான் பல வருஷம் ஏங்கியிருக்கிறேன். எங்கள் கிடங்கிலிருந்து ஒரு கைப்பிடி மிளகை எடுத்துப்போய் அந்த வாசலில் வைக்க வேண்டும், பழைய வாடிக்கையாளருக்குச் செலுத்தும் மரியாதையாக. என் வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. இதைச் சொன்னால் என் மனைவி கோமதி, "என்னைக் கட்டினதும் ஆசையில சேராதோ?" என்பாள்.

புனிதத் தலங்களுக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போகும் ஒரு டூர்காரர் ஜோர்டான் வழியாகப் போகிறார், பெட்ராவுக்கும் ஒரு நாள் உண்டு என்று கேள்விப்பட்டதும் எனக்கும் கோமதிக்கும் இடம் சொல்லிவைத்தேன். இரண்டே பேர். ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் சுள்ளிக்கல்லில் இருக்கும் என் மாமனாருக்கு ரகசியம் என்றால் கிழக்குக் காற்று மாதிரி, தானாகவே வந்து சேரும்.

"வெளிநாடுன்னா பெரியவங்க ஆராவது கூட இருக்கணும் மாப்ள. நானும் உங்க அத்தையும் வர்றோம்" என்றார்.

மாமனார் ஒரு கோவில் கமிட்டியில் ரொம்ப காலம் பொறுப்பில் இருந்தவர். பார்க்கும் எல்லாவற்றையும் கோவிலாகவும், பேசும் எல்லோரையும் வரிசையில் நிற்பவர்களாகவும் நினைத்தே பழகிவிட்டார். மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், அரிசி வேக வைக்கும் சின்னக் குக்கர் இல்லாமல் ஆலுவாவுக்குக்கூடப் போகமாட்டார். எங்கள் நால்வரின் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்ததும், அவற்றைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பது விமான நிலையத்திலேயே முடிவாகிவிட்டது.

பெட்ராவுக்குப் போகிற அன்று காலை, கோமதி எனக்கு ஒரு புதுச் செருப்பை எடுத்து நீட்டினாள். எர்ணாகுளத்தில் வாங்கியதாம். தடித்த அடி, பழுப்பு வார். எல்லோரும் போடுகிற சாதாரணச் செருப்புத்தான், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

"என் பழைய ரப்பர் செருப்பே போதுமே."

"அதைப் போட்டுட்டு நாலு நாட்டுக்காரங்க முன்னால நடந்தீங்கன்னா, நான் உங்க கூட வந்தவளே இல்ல. சொல்லிட்டேன்."

போட்டுக்கொண்டேன். அது கடித்தது. வழக்கம்போல் எதிர்த்துப் பேசாமல், வழக்கம்போல் முதுகுக்குப் பின்னால் செய்தேன். பழைய ரப்பர் செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி அத்தையின் பையின் அடியில், குக்கருக்குக் கீழே செருகிவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு பஸ் நிறைய ஆட்கள். பெரும்பாலும் மலையாளிகள், வயதானவர்கள். மேய்த்துக்கொண்டுபோக பிஜு என்று ஓர் இளைஞன், கையில் மஞ்சள் குடை. அவனோடு உள்ளூர் வழிகாட்டி யூசுப். எங்கள் குழுவின் முழங்கால்களை உத்தேசித்து, அந்த முகப்பு வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது மட்டும்தான் திட்டம். மறுநாள் விடிந்ததும் நாட்டின் எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

மலை இடுக்கில் நடந்தோம். குளிர்காலத்துப் பிற்பகல். பாறைகளில் சிவப்பும் ஊதாவும் மஞ்சளும் வரி வரியாக ஓடின. ஓரத்தில் அந்தக் காலத்துக்காரர்கள் தண்ணீர் வர வெட்டிய வாய்க்கால் இன்றும் இருந்தது. என் சட்டைப் பையில் மிளகுப் பொட்டலம். ஒவ்வொரு வளைவிலும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பின்னால் அத்தை, "இவ்ளோ நடக்கணும்னா முந்தியே சொல்ல வேண்டாமா" என்று வளைவுக்கொரு தரம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் யூசுப் எல்லோரையும் நிறுத்தினான். அடுத்துப் பார்க்கப்போவதைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னான். பிஜு அதை மலையாளத்தில் சொன்னான். நான் அத்தைக்காகத் தமிழில் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"கஜானான்னு ஊர்க்காரங்க பேர் வெச்சிருக்காங்க. ஆனா அது ஒரு ராஜாவோட கல்லறையா இருக்கலாம்னு சொல்றாங்க. கோவில்னு சொல்றவங்களும் உண்டு."

மாமனார் நின்றுவிட்டார். "கோவிலா?"

"கல்லறையாவும் இருக்கலாம் மாமா. ஆருக்கும் உறுதியாத் தெரியாது."

"உறுதியாத் தெரியாதப்ப கோவில்னு வெச்சுக்கறதுதான் புத்தி. கோவில் இல்லைன்னா நமக்கு ஒரு நஷ்டமும் இல்ல. கோவிலா இருந்து செருப்போட போயிட்டா?"

"அதுல இப்ப சாமி எதுவும் இல்லையே மாமா."

"இல்லைன்னு நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. (இன்று வரை பார்க்கவில்லை. அதுதானே கதை.)

அத்தைக்கு வேறு கவலை. "கல்லறையா இருந்தா திரும்பி வந்து குளிக்கணுமே?"

"பாலைவனத்துல எங்க அத்தை குளிக்கிறது?"

"அதை டூருக்குப் பேர் கொடுக்கறப்பவே கேட்டிருக்கணும் மாப்ள."

வளைவுக்கு அந்தப் பக்கம் என் ஆயுள் ஆசை நின்றுகொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நான் குளியல் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறேன். பேச்சை முடிக்க ஒரே வழி பணிந்துபோவதுதான் என்று, கூட்டத்தில் முதல் ஆளாக நானே செருப்பைக் கழற்றினேன். கடித்துக்கொண்டிருந்த செருப்பு, அதனால் தியாகமும் சுலபமாக இருந்தது. மாமனார் திருப்தியோடு தன் செருப்பைக் கழற்றினார். அதோடு நிற்பார் என்று பார்த்தால், சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

"மாமா, குளிர்!"

"கோவிலுக்குள்ள சட்டையோட போற பழக்கம் நம்ம ஊர்ல உண்டா?"

கேரளத்தில் பல கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அது சரி. அந்த விதி பெட்ரா வரை நீளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேட்டியும் வெற்று மார்புமாக, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தச் சிவந்த பாறைகளுக்கு நடுவில் மாமனார் நின்றார். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இவரும் காட்சியில் சேர்ந்தவர் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் நிற்பவரால் செருப்போடு நிற்க முடியாது. இது நம்மவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆலுவாவிலிருந்து வந்திருந்த தோமா சேட்டன், "எந்தா, இவிடெ செருப்பு ஊரணோ?" என்று கேட்டார். கழற்ற வேண்டுமா என்பதற்கு யாரும் பதில் சொல்வதற்குள் அவரே கழற்றிவிட்டார். "ஏதாயாலும் மரியாதை அல்லே" என்று அவருடைய மனைவியும் கழற்றினார். அப்புறம் ஒரு டீச்சர். அப்புறம் எல்லோரும். யூசுப் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் கெஞ்சினான். பிஜு முதலில் குடையால் தடுத்துப் பார்த்தான், பிறகு தானும் ஷூவைக் கழற்றினான்.

தோல் பொருளும் ஆகாது என்று மாமனார் அறிவித்தார். பெல்ட்டுகள் வந்தன. கைப்பைகள் வந்தன. எல்லாம் பாறை ஓரத்தில் குவிந்ததும் அத்தை கேட்டார், "இதையெல்லாம் இப்படியே விட்டுட்டுப் போனா திரும்பி வர்றப்ப இருக்குமா? ஓர் ஆள் வேணும்."

எல்லோருடைய கண்ணும் வந்து நின்ற இடத்தைச் சொல்ல வேண்டுமா?

"முதல்ல நாங்க போய்ட்டு வந்துடறோம் மாப்ள. அப்புறம் நீங்க நிதானமாப் பாருங்க. நிதானமாப் பாக்கறவங்களுக்குத்தான் இதெல்லாம்" என்றார் மாமனார். போகும்போது என் சட்டைப் பையைப் பார்த்தார். "அந்த மிளகைக் கொடுங்க. கோவிலுக்கு வெறுங்கையோட போகக் கூடாது."

"மாமா, அதை நான்..."

"நான் வெச்சா என்ன, நீங்க வெச்சா என்ன?"

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கோமதி பிறகு பலமுறை கேட்டிருக்கிறாள். எனக்கும் தெரியவில்லை. அந்த முகத்துக்கு ஏற்ற கைகளும் எனக்கு உண்டு போலிருக்கிறது.

அவர்கள் வளைவில் திரும்பி மறைந்தார்கள். அடுத்த கணம் 'ஆ' என்று ஒரு பெருமூச்சு மொத்தமாகக் கேட்டது. ஊரே அதிசயிக்கும் அந்தத் 'திடீர்' நடந்துவிட்டது, நான் இல்லாமல்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து முகப்பு தெரியவில்லை. அதன் மேல் பட்டுத் திரும்பிய வெயில் எதிர்ப் பாறையில் இளஞ்சிவப்பாக விழுந்திருந்தது. அது மட்டும் தெரிந்தது. வெறும் கால் குளிரில் மரத்துப்போக ஆரம்பித்தது. அப்போதுதான் குவியலில் கிடந்த அத்தையின் பையில், குக்கருக்குக் கீழே இருந்த பழைய நண்பனின் நினைவு வந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஆஹா! காலுக்கு ஊர் திரும்பிய மாதிரி இருந்தது. கோமதி வருவதற்குள் கழற்றிவிடலாம் என்று வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன்.

சும்மா உட்கார்ந்திருந்தாலாவது பரவாயில்லை. வடநாட்டிலிருந்து வந்த வேறொரு குழு அந்த வழியாக வந்தது. செருப்புக் குவியல், பக்கத்தில் ஒரு மனிதன். போதாதா? ஒருவர் விடாமல் கழற்றினார்கள். நான் கையையும் தலையையும் ஆட்டி மறுத்தேன். அதை அவர்கள் வணக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஓர் அம்மாள் டோக்கன் கேட்டார். இல்லை என்றதும் கோபம் வந்துவிட்டது. டோக்கன்கூடக் கொடுக்காமல் இது என்ன ஏற்பாடு என்று இந்தியில் என்னைத் திட்டினார். இன்னொருவர் என் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை அழுத்திவிட்டுப் போனார். பெட்ராவில் அன்று ஏதாவது சம்பாதித்த ஒரே மட்டாஞ்சேரிக்காரன் நான்தான்.

பிறகு வடநாட்டுக்காரர்களும் எங்கள் ஆட்களும் திரும்பி வர ஆரம்பித்தார்கள். செருப்பைத் தேடி மாட்டும் நேரத்தில் ஒவ்வொருவரிடமும் கேட்டேன். நான் போகிற வரை பொறுக்காமல் கேட்டது என் தப்புத்தான்.

முதலில் தோமா சேட்டனிடம், எப்படி இருக்கிறது என்று. "எங்கனெ உண்டு சேட்டா?"

அவர் யோசித்தார். "வலுதாணு."

பெரியது. சரி. "பின்னே?"

மறுபடியும் யோசித்தார். மனைவியைப் பார்த்தார். "நல்ல வலுதாணு."

அவருக்குப் பின்னால் வந்த டீச்சர், "உள்ளே ஒண்ணும் இல்ல. வெறும் முறி" என்றார். வெற்று அறைக்கு இத்தனை பெரிய வாசல் எதற்கு என்பது அவர் குறை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி தங்கள் போனில் ஏகப்பட்ட படங்கள் காட்டியது. எல்லாவற்றிலும் அவர்கள் இரண்டு பேரின் கன்னங்கள் மட்டுமே இருந்தன. கன்னங்களுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ கொஞ்சம். அதுதான் நான் ஏங்கிய முகப்பாக இருக்க வேண்டும். எர்ணாகுளத்தில் கட்டடம் கட்டும் நம்ம தமிழ்நாட்டுக் கான்ட்ராக்டர் ஒருவர்தான் ஆசையோடு பேசினார். "கட்டினதே இல்ல சார். மேலேர்ந்து கீழ வரைக்கும் செதுக்கி இறக்கியிருக்கான்! ஓர் இடத்துல உளி தப்பியிருந்தா அவ்ளோதான். நீங்க இன்னும் பாக்கலியா? ஐயோ, போய்ப் பாருங்க சார்!" என்று சொல்லிக்கொண்டே, கையில் இருந்த தண்ணீர் பாட்டிலையும் என்னிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அந்த நேரத்தில்தான் வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம். லாரி டயர் வெடித்த மாதிரி. அதைத் தொடர்ந்து மாமனாரின் குரல், "ஐயோ!" பிறகு பெரிய சிரிப்பு.

என்ன நடந்தது என்பதை அத்தை வந்து சொன்னார். முகப்பின் படிகளுக்கு முன்னால் தடுப்புப் போட்டிருந்தார்களாம். மாமனார் மிளகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் தரையில் குவித்து வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறார். அங்கே சவாரிக்காகப் படுக்கவைத்திருந்த ஒட்டகம் ஒன்று கழுத்தை நீட்டி நைவேத்தியத்தை வாயில் எடுத்துக்கொண்டது. மென்றது. யோசித்தது. அப்புறம் மாமனாரின் வெற்று மார்பில் முழுசாகத் தும்மிவிட்டது.

மாமனார் வந்தார். மார்பு, தோள், கழுத்து எல்லாம் பளபளத்தது. நான் பை பையாகக் காத்துவந்த தண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் அவர் தலையில் கவிழ்ந்தன. குளிரில் பல் கிட்டிக்க நின்றவரைத் துவட்டிவிட்டபடி அத்தை நிம்மதியாகச் சொன்னார், "எப்படியோ, குளிச்சாச்சு."

மட்டாஞ்சேரி மிளகு பெட்ராவுக்குப் போயிற்றா என்பதற்கு இத்தனை நாள் என்னிடம் ஆதாரம் இல்லை. அன்று கிடைத்தது. நேரில் பார்க்கத்தான் நான் அங்கே இல்லை.

கோமதி கடைசியாக வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நல்ல ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த முகம்.

"எப்படி இருந்துச்சு?"

"சொல்லமாட்டேன். சொன்னா கெட்டுப்போயிடும். நீங்களே போய்ப் பாருங்க. நான் அப்பாவைக் கூட்டிட்டு முன்னால நடக்கறேன், அவருக்கு நடுக்கம் நிக்கல." அவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாலடி போய்த் திரும்பி, "போங்க! நிக்காதீங்க!" என்றாள்.

எழுந்தேன். வேட்டியைத் தட்டினேன். வளைவைப் பார்த்து ஓர் அடி வைத்தேன். அப்போது கண்ணில் பட்டது, பாறை ஓரத்தில் இன்னும் ஒரு ஜோடிச் செருப்பு.

யாரோ ஒருவர் இன்னும் திரும்பவில்லை.

இங்கே என் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரும் எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு ஜோடியை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை. யாரோ ஒரு பாவப்பட்ட கிழவர் வெறுங்காலோடு வந்து தேடினால்? மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இளஞ்சிவப்பு வெளிச்சம் பாறையில் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பிஜு மஞ்சள் குடையோடு ஓடி வந்தான். "சாரே, எல்லாரும் வந்நு. போகாம்."

"இல்ல பிஜு, ஓர் ஆள் குறையுது. இதோ செருப்பு."

அவனுக்கு முகம் வெளுத்தது. பயணி ஒருவர் காணாமல்போவது அவன் வேலைக்கே உலை. என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு வளைவைத் தாண்டி உள்ளே ஓடினான். நான் பார்க்க வேண்டிய முகப்பை அவன் அன்று இரண்டாம் தடவையாகப் பார்த்தான். திரும்பி வந்தான். யாரும் இல்லை. வந்த வழியே முன்னால் போனவர்களை எண்ண ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது என்றான். "அப்படின்னா தப்பா எண்ணியிருக்கே" என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் மறுபடி உள்ளே ஓடினான், வெறுங்காலோடு யாரையாவது பார்த்தீர்களா என்று ஒட்டகக்காரர்களைக் கேட்க. சட்டை இல்லாத ஒருவரைப் பார்த்ததாக அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்களாம்.

அதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள். மூடும் நேரம், எல்லோரும் வெளியே. நான் வளைவைக் காட்டி, ஒரே ஒரு நிமிஷம் என்று விரலை உயர்த்தினேன். காவலரும் விரலை உயர்த்தினார், வெளியே போகும் பக்கமாக. நான் வாய்விட்டே கத்தினேன். எந்த மொழி என்று நினைவில்லை. மட்டாஞ்சேரியில் மூட்டை இறக்குகிறவர்கள் உபயோகிக்கும் சொற்கள் இரண்டு இருந்தன என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ஜோடியைக் கையில் தூக்கிக்கொண்டேன். மலை இடுக்கு முழுவதும், ஏற்றப் பாதை முழுவதும் அதைச் சுமந்துகொண்டு நடந்தேன். எதிர்ப்பட்ட ஒவ்வொருவரின் காலையும் பார்த்தேன். எல்லோருக்கும் செருப்பு இருந்தது. உலகத்தில் அன்று செருப்பில்லாத மனிதனே இல்லை.

பஸ்ஸில் எல்லோரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நான் முன்னால் நின்று செருப்பை உயர்த்திப் பிடித்தேன். "இது ஆரோடெயா?"

எல்லோரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். மாமனார், போர்வைக்குள்ளிருந்து, "பாவம், ஆரோ அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க. காவல் காத்த புண்ணியம் மாப்ளைக்கு" என்றார். தோமா சேட்டன் செருப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்து, புதுசு, நல்ல விலை இருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னார். அது கை மாறிக் கை மாறிப் பின்னால் போய், கோமதியின் கைக்கு வந்தது.

கோமதி செருப்பைப் பார்த்தாள். பிறகு நிதானமாக என் காலைப் பார்த்தாள். என் காலில் பழைய ரப்பர் செருப்பு.

"இது நான் எர்ணாகுளத்துல வாங்கினது" என்றாள்.

பஸ்ஸில் சிரிப்பு எழுவதற்கு முன்னால் ஒரு கணம் எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் பிஜுவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. காணாமல்போன பயணியைத் தேடி அவன் இரண்டு முறை ஓடியிருக்கிறான். அந்தப் பயணி நான்தான். என் செருப்புக்கு நானே காவல் இருந்து, எனக்காக நானே காத்திருந்து, கடைசியில் வெளியே அனுப்பப்பட்டேன். அவ்வளவு எரிச்சல் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. ஆனால் யார் மேல் எரிந்து விழுவது? தேடிப் பார்த்தால் ஒரே ஓர் ஆள்தான் அகப்பட்டான், அவனும் முட்டாள்.

ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வாசகம் பிறந்துவிட்டது. என் கண்ணாடி காணவில்லை என்றாலும் சரி, சாவி காணவில்லை என்றாலும் சரி, "ஆரோடதுன்னு பஸ்ல கேட்டுப் பாருங்க" என்கிறார்கள். மாமனாரோ சுள்ளிக்கல்லில் பெரிய பயண நிபுணர் ஆகிவிட்டார். பாலைவனத்தில் ஒட்டகம் அவருக்குத் தீர்த்தம் தெளித்தது என்பது இப்போது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் அவருடைய தெருக்காரர்கள் ஒரு கூட்டம் வைத்து, பெட்ரா பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். விரிப்புப் போட்ட ஹால் என்பதால் செருப்பெல்லாம் வாசலில். மாமனார் நன்றாகத்தான் பேசினார். பேச்சு முடிந்ததும் ஒருவர் அந்த முகப்பின் கதையைக் கேட்டார். மாமனாருக்குத் தெரியவில்லை. "மாப்ள சொல்லுவார்" என்றார். யார் செதுக்கினார்கள், எப்படிச் செதுக்கினார்கள், எந்தச் சரக்கு அந்த வழியாகப் போயிற்று, எல்லாம் நான் எழுந்து சொன்னேன். அத்தனையும் எனக்கு மனப்பாடம். சபை அசந்துபோயிற்று.

"சாரே, நேரில் கண்டப்போ எந்தா தோந்நியது?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

நேரில் கண்டபோது என்ன தோன்றியது! கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஏதாவது அடித்துவிடத் தெரியாதா என்ன? ஆனால் வரவில்லை.

"எதிர்ப் பாறையில அதோட வெளிச்சம் விழுந்தது. இளஞ்சிவப்பு. அது மேல ஏறி மறையற வரைக்கும் பார்த்தேன்" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கோமதிகூட.

வெளியே வந்தோம். வாசலில் செருப்புக் குவியல். ஒரு பெரியவர் தன் குடையையும் பையையும் என்னிடம் நீட்டி, "இதொந்நு பிடிக்கணே மோனே" என்று குனிந்து தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார். இன்னொருவர் தன் பேரனின் கையை என் கையில் கொடுத்தார். படியில் நின்று கோமதி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முன்னால், என் செருப்பு எது என்று பார்த்து, முதல் வேலையாக அதை மாட்டிக்கொண்டேன்.